பேப்பர் போடப்போகிறவர்

பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூரிலிருந்து சிறுசேரி வரை, எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் போய் நில்லுங்கள், அவர் இருப்பார். கழுத்தில் ஐ.டி. கார்டு, ஒரு கையில் இஞ்சி டீ, இன்னொரு கையில் போன். போனில் ரீல்ஸ் பார்க்கவில்லை. காலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உதடு அசைய எண்ணிக்கொண்டிருக்கிறார். "என்ன ப்ரோ, லீவு ப்ளானா?" என்று யாராவது கேட்டால் பதறிப்போய்ப் போனைக் கவிழ்த்துவிடுவார்.

வேலையை விடப்போகிறார் என்பது ஒன்றும் ரகசியமில்லை. போன அப்ரைசலில் சுமாரான ரேட்டிங் வந்த அன்றே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். செக்யூரிட்டிக்குத் தெரியும். கேன்டீனில் தோசை வார்ப்பவருக்குத் தெரியும். தெரியாதவர் மேனேஜர் ஒருவர்தான். அவருக்கும் தெரியும், அவரும் வேறு இடம் தேடிக்கொண்டிருப்பதால் கண்டுகொள்ளவில்லை. புது கம்பெனியின் ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்து கிடக்கிறது. பேப்பர் போட வேண்டியதுதான் பாக்கி. எத்தனை நாள் நோட்டீஸ் கொடுப்பது என்பதில்தான் வண்டி நிற்கிறது.

இதற்குப் பதில் அவருடைய அப்பாயின்ட்மென்ட் லெட்டரிலேயே இருக்கிறது. 90 நாள். பெரிய ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் இதுதான் வழக்கம். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அன்றைக்கு அவர் கண் சம்பள எண்ணை விட்டு நகரவில்லை. இப்போது அதே காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாக ஆராய்கிறார்.

"'கம்பெனியின் விருப்பப்படி குறைக்கலாம்'னு போட்டிருக்கு மச்சி. அப்போ குறைக்கலாம்னுதானே அர்த்தம்?"

"கம்பெனி விரும்பினா குறைக்கலாம்னு அர்த்தம்டா."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

நியாயமாகப் பார்த்தால் இந்தக் கணக்கு லேசானது. என்ன வேலை செய்கிறோம், அதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க எத்தனை நாள் ஆகும், அவ்வளவுதானே? திங்கள்தோறும் ஓடும் ஒரு ரிப்போர்ட், அது ஓடாவிட்டால் ஓடவைக்க ஒரு ஸ்கிரிப்ட், யாரும் திறக்கவே பயப்படும் ஒரு எக்ஸல் ஃபைல். ஒரு வாரம் போதும். எக்ஸல் ஃபைலுக்காக வேண்டுமானால் இன்னும் மூன்று நாள் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நம்மவர் போடும் கணக்கில் இந்த வேலை ஒன்றுதான் வராது. மற்றதெல்லாம் வரும்.

முதலில் கிராஜுவிட்டி. ஐந்து வருடம் முடித்தால்தான் கிடைக்கும் என்பது 1972-இலிருந்து இருந்துவரும் விதி. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அதை முழு வருடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தான் நேற்று எழுதிய புரோகிராமை இன்று பார்த்து "இதை எவன்டா எழுதினது?" என்று கேட்கிற மனிதர், இந்தத் தீர்ப்பை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்கி, வந்த தொகையில் மனதுக்குள் ஒரு பைக் வாங்கிப் பூஜையும் போட்டாயிற்று. நோட்டீஸ் காலமும் சர்வீஸில் சேரும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு 90 நாள் போதவில்லை.

அடுத்தது வேரியபிள் பே. வருடம் முழுக்க உழைத்ததற்கான பணம்தான். ஆனால் பட்டுவாடா ஆகும் நாளில் நோட்டீஸில் இருப்பவருக்கு அது கிடையாது என்பது பாலிசி. மே மாதச் சம்பளத்தோடு வரும். ஆகவே மே 31 வரை அவர் இந்தக் கம்பெனியின் மிக விசுவாசமான ஊழியர். டவுன்ஹால் மீட்டிங்கில் முதல் வரிசையில் உட்கார்ந்து, அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றிக் கேள்வியெல்லாம் கேட்கிறார்.

பிறகு இன்சூரன்ஸ். கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு போய்விடும். அதற்குள் அம்மாவின் கண்புரையை எடுத்துவிட வேண்டும். அம்மாவுக்குப் பார்வை நன்றாகத்தான் தெரிகிறது. இருந்தாலும் கட்டின பிரீமியம் வீணாகக் கூடாதல்லவா. லீவிலும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. ஏர்ன்ட் லீவை எடுக்காமல் வைத்திருந்தால் காசாகும். சிக் லீவ் காசாகாது. அதனால் பேப்பர் போடுவதற்கு முந்தின மாதம் அவருக்கு உடம்பு கண்டிப்பாகக் கெடும். இருப்பில் எத்தனை நாள் இருக்கிறதோ, சரியாக அத்தனை நாள்.

இத்தனைக்கும் மேலே பஞ்சாங்கம் இருக்கிறது.

ஜூன் 1, திங்கட்கிழமை, பேப்பர் போடுவதென்று முடிவாகிறது. திங்களன்று ராகு காலம் 7.30-லிருந்து 9 மணி, எமகண்டம் 10.30-லிருந்து 12. ஆகவே மெயில் 9.10-க்குப் போகும். அதுவரை சுமுகம்தான். அங்கிருந்து 90 நாள் எண்ணினால் ஆகஸ்ட் 30. ஆவணி மாதம், அம்மாவுக்குப் பரம திருப்தி. ஆனால் புது கம்பெனி அவ்வளவு நாள் பொறுக்காது. அதிகபட்சம் 60 நாள் என்று சொல்லிவிட்டது. 60 நாள் எண்ணினால் ஜூலை 31. ஆடி மாதம், பதினைந்தாம் தேதி.

"ஆடியில யாராவது புது வேலையில போய்ச் சேருவாங்களாடா?"

"அம்மா, அது மல்டிநேஷனல் கம்பெனிம்மா."

"எந்தக் கம்பெனியா இருந்தா என்ன, ஆடி ஆடிதான்."

பொதுப்பணித்துறையில் ஒரே நாற்காலியில் முப்பத்து சொச்சம் வருடம் உட்கார்ந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு இந்தச் சர்ச்சையே புரியவில்லை. அவருக்குத் தெரிந்த மூன்று மாத நோட்டீஸ், இருபது வருடம் சர்வீஸ் போட்டுவிட்டு வி.ஆர்.எஸ். கேட்பவர் கொடுப்பது. "அஞ்சு வருஷம் வேலை பார்த்ததுக்கா மூணு மாசம்?" என்று கேட்டுவிட்டுத் தினசரியை விரித்துக்கொண்டார். இந்த விவகாரத்தில் யாராவது சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை இதுதான் என்பது என் அபிப்பிராயம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெயில் போனதும் மேனேஜருக்கு முகத்தில் அதிர்ச்சி வர வேண்டும், வரவழைத்துக்கொண்டார். ஒரு சின்ன ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"என்னப்பா, திடீர்னு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அடுத்த குவார்ட்டர்ல ஆன்சைட்டுக்கு உன் பேரைத்தான் கொடுக்கறதா இருந்தேன்."

அவர் பெயர் இந்த ஐந்து வருடமாக ஆன்சைட்டுக்கு அடுத்த குவார்ட்டரில்தான் இருக்கிறது. அதனால் அவர் உருகவில்லை. "முப்பது நாள்ல ரிலீவ் பண்ணிடுங்க சார்" என்றார். மேனேஜர் 90 என்றார். இவர் 30 என்றார். கிளையன்ட் ஒத்துக்க மாட்டான், ஆள் கிடைக்க மாட்டார்கள், ரிலீஸ் இருக்கிறது என்று எல்லாம் பேசி, கடைசியில் மேனேஜர் மனமிரங்கி, "சரி, உனக்காக 60" என்றபோது நம்மவர் முகம் செத்துவிட்டது. 30 என்றால் ஆனி. 90 என்றால் ஆவணி. நடுவில் இருக்கிற 60-தான் ஆடி. சலுகை கொடுத்தும் ஒருவன் ஏன் இப்படி விழிக்கிறான் என்று மேனேஜருக்கு இன்றுவரை புரிந்திருக்காது.

இந்த இடத்தில் கம்பெனிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போகிறவனை 90 நாள் கட்டிப்போடும் அதே ஹெச்.ஆர். டிபார்ட்மென்ட், அந்த இடத்துக்கு ஆள் எடுக்கும்போது கேட்கிற முதல் கேள்வி, "பதினஞ்சு நாள்ல ஜாயின் பண்ணுவீங்களா?" என்பது. "இமீடியட் ஜாயினர் மட்டும்" என்று விளம்பரம் கொடுப்பவர்களும் அவர்களே. எல்லா கம்பெனியும் 90 நாள் பிடித்து வைத்தால் இமீடியட்டாக வருபவர் எங்கிருந்து வருவார்? மழையிலா முளைப்பார்? வேலையில்லாமல் இருப்பவர் வரலாம், ஆனால் அவரிடம், "ஏன் சார் கேப் விழுந்திருக்கு?" என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள்.

சட்டம் பேசவும் நம்மவருக்குத் தெரியும். பேப்பர் போட்டபிறகு எல்லோரும் அரை வக்கீல்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஆறு மாதம் வேலை பார்த்தவரை அனுப்ப முதலாளிக்குச் சொல்லும் நோட்டீஸ் ஒரு மாதம். "அவன் அனுப்ப ஒரு மாசம், நான் போக மூணு மாசமா?" என்று டீக்கடையில் குரல் உயர்த்துவார். எந்தக் கோர்ட்டும் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து வேலை வாங்காது. மிஞ்சிப்போனால் மிச்ச நாளுக்கான பணத்தைக் கட்டச் சொல்லலாம். அதையும் விசாரித்துவிட்டார். அப்படிப் பிடித்துக்கொள்ளும் பணத்துக்கு ஜி.எஸ்.டி. போடலாமா என்றுகூட இந்த நாட்டில் ஒரு சர்ச்சை நடந்தது. வேண்டாம் என்று 2022 ஆகஸ்டில் மத்திய அரசின் சுற்றறிக்கை வந்த பிறகுதான் பலர் மூச்சுவிட்டார்கள். இத்தனை சட்டம் தெரிந்தும் அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் ஒரு காகிதம்: ரிலீவிங் லெட்டர். அது இல்லாமல் புது கம்பெனியில் கால் வைக்க முடியாது. அதைக் கொடுக்கும் சாவி ஹெச்.ஆர். கையில்.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் துணிக்கடையில் நிற்கும் பையனுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. தீபாவளிக்கு அடுத்த நாள் ஊருக்குப் போகிறான். பொங்கலுக்கும் வரவில்லை என்றால் முதலாளி புரிந்துகொள்கிறார். ரெண்டு திட்டு, வேறு பையன். அதையே நம்மவர் செய்தால் 'அப்ஸ்காண்டிங்' என்று பெயர். என்னவோ நகையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்மாதிரி ரெக்கார்டில் எழுதி வைப்பார்கள்.

நோட்டீஸ் காலம் தொடங்கியது. கே.டி. கொடுக்க, அதாவது வேலையைச் சொல்லிக்கொடுத்து ஒப்படைக்க, ஓர் ஆள் வேண்டும். ஆள் வரவில்லை. நாற்பது நாள் அவர் ஏ.சி.யில் உட்கார்ந்து, வேலை தேடும் தளமான நவுக்ரியில் தன் பக்கத்தைப் புதுப்பித்தார். 'நோட்டீஸில் இருக்கிறார்' என்று போட்டதுதான் தாமதம், அதுவரை ஏறெடுத்துப் பார்க்காத கன்சல்டன்சிக்காரர்கள் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டாவது ஆஃபர் வந்தது. அதை வைத்து முதல் ஆஃபர் கொடுத்த கம்பெனியில் பேசி எட்டு சதவீதம் ஏற்றிக்கொண்டார். நீளமான நோட்டீஸ் ஆளைத் தக்கவைக்கும் என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. விலையை ஏற்றிக்கொள்ள அவகாசம் கொடுக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

இதற்கிடையில் வீடியோ கால் ஒன்றில் அமெரிக்கக் கிளையன்ட், தான் வேறு வேலைக்குப் போவதாகவும் இன்னும் இரண்டு வாரம்தான் இருப்பதாகவும் சொன்னார். அங்கே பெரும்பாலான வேலைகளில் நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. இரண்டு வாரம் என்பது மரியாதைக்கு. (காலையில் கூப்பிட்டு மாலையே போகச் சொல்லவும் அங்கே தடையில்லை, நம்மவர் அந்தப் பாதியைக் கேட்டுக்கொள்ளவில்லை.) தனக்குப் பிறகு பேப்பர் போட்ட கிளையன்ட், தனக்கு முன்னால் ஃபேர்வெல் கேக் வெட்டியதை வீடியோவில் பார்த்துக் கைதட்டினார்.

ஆடிச் சிக்கலை அவிழ்த்தது அம்மாவேதான். கண்புரை எடுத்த கண்ணால் தினசரி காலண்டரைப் புரட்டியபோது, ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு என்று கண்டுபிடித்தார். "ஆடிப் பதினெட்டுல எதைத் தொடங்கினாலும் பெருகும்டா." அன்று திங்கட்கிழமை, கம்பெனிகள் ஆள் சேர்க்கும் நாளும் அதுதான். ஆக, 60 நாள். மேனேஜரும் ஹெச்.ஆரும் பாலிசியும் சேர்ந்து தீர்க்க முடியாததைக் காவிரி தீர்த்துவைத்தது.

கே.டி. வாங்க வேண்டிய பையன் ஜூலை 29-இல் வந்தான். இரண்டு நாளில் எல்லாம் சொல்லி முடித்தாயிற்று. 31-ஆம் தேதி லேப்டாப்பையும் ஐ.டி. கார்டையும் ஒப்படைத்தார். ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் என்பது வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸ் திரும்ப வருவதைப் போல. பெயிண்டிங்குக்கு, உடைந்த குழாய்க்கு என்று பிடித்தது போகத்தான் வரும். ஹெட்போன் தொலைந்ததற்கு ஒரு தொகை, இன்சூரன்ஸ் பிரீமியத்தின் மிச்சத் தவணை ஒரு தொகை. சண்டை போட நினைத்தார். ரிலீவிங் லெட்டர் இன்னும் வரவில்லை என்பது ஞாபகம் வந்து, "தேங்க்யூ சோ மச்" என்று பதில் எழுதினார்.

உங்கள் டீமிலும் இப்படி ஒருவர் நோட்டீஸில் இருப்பார். அந்த எக்ஸல் ஃபைலின் பாஸ்வேர்டை இன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்த மறுநாளிலிருந்து அவர் உங்கள் போனை எடுக்க மாட்டார்.