நிபுணரின் கண்ணுக்குத் தெரியாதது

மென்பொருள் கையேடுகளில் கட்டளை வரிக்கு முன்னால் ஒரு டாலர் குறி நிற்கும். கணினி அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. நாம் தட்ட வேண்டியது அதற்குப் பின்னால் இருப்பதை மட்டும்தான். எழுதியவருக்கு அந்தக் குறி கண்ணிலேயே படுவதில்லை. முதன்முதலாக லினக்ஸ் பக்கம் வந்தவரோ பயபக்தியோடு டாலரையும் சேர்த்துத் தட்டி, 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று திட்டு வாங்குவார். அதைத் தாண்டினால் 'சூடோ' என்ற கட்டளை கடவுச்சொல் கேட்கும். பல லினக்ஸ் வகைகளில் தட்டத் தட்டத் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். விஷயம் தெரியாதவர் கீபோர்டைக் கவிழ்த்துத் தூசி தட்டுவார். இந்த இரண்டையும் சொல்ல இரண்டு வரி போதும். பல கையேடுகளில் அந்த இரண்டு வரி இருக்காது. கேச் மெமரியின் நுட்பங்கள் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கும்.

"வேண்டுமென்றேதான் செய்கிறார்கள், தெளிவாக எழுதிவிட்டால் அவர்களுக்கு மவுசு போய்விடுமே" என்பது அலுவலக கேண்டீன்களில் செல்வாக்குள்ள சித்தாந்தம். அவ்வளவு சாமர்த்தியத்தை நிபுணர்கள் மேல் ஏற்றுவது அநியாயம். சோம்பேறித்தனம் என்றும் சொல்ல முடியாது. ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்தால் நாளைக்கு யாரும் போன் போட்டுப் பிராணனை வாங்க மாட்டார்கள். உண்மையான சோம்பேறி முதல் வேலையாக நல்ல கையேடுதான் எழுதுவார். நிபுணரின் கோளாறு மறதி. ஒரு காலத்தில் தனக்கும் இது தெரியாமல் இருந்தது என்பது அவருக்குச் சுத்தமாக மறந்துவிடுகிறது. 1989-ல் கேமரர், லோவன்ஸ்டைன், வெபர் என்ற மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதை 'அறிவின் சாபம்' என்று அழைத்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக, ஊரறிந்த பாட்டுகளின் தாளத்தைச் சிலரை மேசையில் தட்டச் சொன்னார். எதிரே இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிக்குப் பாதியாவது பிடிபடும் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டியது 120, பிடிபட்டது 3. தட்டியவர் மண்டைக்குள் பக்கவாத்தியத்தோடு கச்சேரியே நடக்கிறது. எதிரே இருப்பவர் காதில் விழுவது வெறும் டொக் டொக்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய 'கிட்' மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'ரீபேஸ்' என்றால் என்ன என்று கையேட்டைப் புரட்டினால், கமிட்டுகளை இன்னொரு பேஸின் நுனியில் மறுபடி ஏற்றுவது என்கிற ரீதியில் பதில் கிடைக்கும். அதில் எழுத்துப்பிழைகூடக் கிடையாது. ரீபேஸ் தெரிந்தவர் யார் படித்தாலும் "என்ன கச்சிதம்!" என்று மெச்சுவார்.

அப்படியானால் சுஜாதா எப்படி எழுதினார் என்று கேட்பீர்கள். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர். அவர் அறிவியல் எழுதியபோது யாரும் தலையைச் சொறியவில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் அவருடைய 'ஏன்? எதற்கு? எப்படி?' வாசகர்களின் கேள்விகளுக்கு எழுதிய பதில்கள். எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பதைத் தெரியாதவர்களே தபாலில் எழுதிப்போட்டுத் தீர்மானித்தார்கள். (திறமையும் இருந்தது, இல்லையென்று யார் சொன்னது?) தெளிவுக்குப் பேர்போன இன்னொரு புத்தகம், கெர்னிகனும் ரிட்சியும் 1978-ல் எழுதிய 'சி' மொழி நூல். இது நிரலாக்கத்தின் அரிச்சுவடி இல்லை, வேரியபிள், லூப் எல்லாம் ஓரளவு பழகியவர்களுக்கானது என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்கள். நம்முடைய கையேடுகளோ அட்டையில் 'புதியவர்களுக்கு' என்று போட்டுவிட்டு, இரண்டாம் பக்கத்திலேயே டாக்கர் கன்டெய்னரைத் தலையில் இறக்குகின்றன.

"எல்லாவற்றையும் ஊட்டிவிட்டால் பிள்ளைகள் யோசிக்காது, நாங்களெல்லாம் முட்டி மோதித்தான் கற்றோம்" என்பார்கள் மூத்தவர்கள். பாதி சரி. ரிகர்ஷன் மாதிரி ஒரு கடினமான கருத்தோடு மல்லுக்கட்டினால் மூளை வளரும். திரையில் விழாத கடவுச்சொல் புள்ளிகளோடு மல்லுக்கட்டினால் வளர்வது ரத்த அழுத்தம். இரண்டையும் பிரித்துப் பார்க்க நிபுணரால் தனியாக முடியாது, இரண்டாவது ரகம் அவர் கண்ணுக்கே தெரிவதில்லையே. அதனால் நிபுணர்களை மொழிநடை வகுப்புக்கு அனுப்பிப் பிரயோஜனமில்லை. ஒரு புதியவர் கையில் கையேட்டைக் கொடுத்து, எழுதியவரைப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார வைக்க வேண்டும். வாயைத் திறக்காமல் என்பதுதான் கஷ்டம். "இல்லப்பா, அது இல்ல, பக்கத்து டேப்" என்று கை தானாக மவுஸுக்குப் போகும். கை போகிற இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டால், விடுபட்ட வரிகளின் பட்டியல் தயார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கெங்கே முட்டிக்கொண்டீர்கள் என்று அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். கேட்க வெட்கமாக இருக்கிற கேள்விகளை முதலில் எழுதுங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அதற்குள் உங்களுக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிற அபாயம் இருக்கிறது.