வெர்னியர்சாமி

வெர்னியர்சாமி வீட்டுக்கு வந்தால் காபியைப் பீங்கான் கோப்பையில் கொடுத்துவிடுங்கள். எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தீர்களோ, குடித்த வாயைத் துடைக்கும் முன் சட்டைப் பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை உருவி டம்ளரின் வாயை அளந்துவிடுவார். "74.2! எஸ்டீம் போர் சார் இது, கிட்டத்தட்ட!" என்று வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார். மாருதி எஸ்டீம் கார் எஞ்சினுக்குப் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 74 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் ஸ்ட்ரோக் 75.5, நாலு சிலிண்டருக்கும் சேர்த்து 1298 சிசி. இது தெரியாத சொந்தக்காரர் அவருக்கு ஒருவரும் கிடையாது. மூத்த பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசித்துச் சொல்வார்.

கல்யாணப் பந்தியில் மெதுவடையின் ஓட்டையை அளந்ததை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்து இலைக்காரர் முறைத்தபோது, "எண்ணெய் பட்டா வெர்னியருக்கு நல்லதுதான் சார், துரு பிடிக்காது" என்று சமாதானம் சொன்னார். பிளம்பர் கொண்டுவரும் குழாய், பேத்தியின் வளையல், ஆஸ்பத்திரியில் அவருக்கே போட்ட ஊசி என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. நர்ஸ் வெர்னியரைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிய பிறகுதான் ஊசி குத்த முடிந்தது.

இத்தனையும் ஒரு மாருதி ஜிப்ஸிக்காக. பழைய 8 வால்வு ஜிப்ஸி. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் எஸ்டீமின் 16 வால்வு எஞ்சினைப் போட வேண்டும் என்பது சாமியின் லட்சியம். "ரெண்டும் ஒரே குடும்பம் சார், கண்ணை மூடிக்கிட்டு மாத்தலாம்" என்பார். கண்ணை மூடிக்கொண்டு மாற்றக்கூடியதற்கு எதற்கு வெர்னியர் என்று கேட்டுவிடாதீர்கள். பதில் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார்.

மாருதிக்காரர்களே பிற்பாடு ஜிப்ஸியில் 16 வால்வு எஞ்சின் வைத்து விற்றார்கள். அப்படி ஒரு வண்டியின் எஞ்சினை முழுசாக வாங்கி மாட்டினால் வேலை சுலபம். மெக்கானிக் அதைத்தான் சொன்னார். "அதுல என்னங்க இருக்கு?" என்று சாமி சிரித்துவிட்டார். முழு எஞ்சின் வாங்குவது பணக்காரர் வேலையாம். பிளாக் புதுப்பேட்டையில், ஹெட் கோயம்புத்தூர் உக்கடத்தில், கிராங்க் டெல்லி மாயாபுரியிலிருந்து பார்சல் லாரியில் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் பாதி விலைக்கு முடியுமாம். பார்சல் கூலி அந்தக் கணக்கில் வராது.

புதுப்பேட்டைக்குப் போயிருக்கிறீர்களா? எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, கழற்றிய கார்களெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகக் கடைவாசலில் கிடக்கும். ஒரு கடை முழுக்கக் கதவு, அடுத்த கடை முழுக்கக் கியர்பாக்ஸ், அதற்கடுத்து ஹெட்லைட் மட்டும். கூட ஆள் இருந்தால் விலை குறையும் என்பது சாமியின் நம்பிக்கை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். "வேண்டாம், வாங்க போலாம்" என்று நடுநடுவே நான் சொல்ல வேண்டும். மனசாரச் சொல்லக்கூடிய வசனம் என்பதால் எனக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை.

கடைக்காரர்களுக்கென்று சில கைவித்தைகள் உண்டு. கிராங்கைத் தொங்கவிட்டு ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டுவார்கள். கணீரென்று நின்று ஒலித்தால் நல்லது, சத்தம் செத்துப்போனால் எங்கேயோ விரிசல். ஹெட்டைத் திருப்பிப் போட்டுப் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். வால்வு ஓரமாகக் கசிந்தால் வால்வோ சீட்டோ தேய்ந்திருக்கிறது. ஹெட்டின் முகத்தில் நேர்ச்சட்டத்தை வைத்து அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு நுழைகிறதா என்று பார்ப்பார்கள். நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது, வண்டி ஒரு காலத்தில் சூடேறி நின்றிருக்கிறது. இதில் எதையும் சாமி ஏற்கமாட்டார். "காதை நம்பி சாமான் வாங்க முடியுமா பாய்?" என்று வெர்னியரை எடுப்பார். கடைக்கார பாய்க்கு அவரைத் தெரியும். "சார், எடுக்கப் போறீங்களா, இல்ல அளக்க மட்டும் வந்தீங்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவார்.

அன்று அந்த எஸ்டீம் பிளாக்கை அளந்ததைச் சொல்லியாக வேண்டும். குந்தி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெர்னியரின் மேல் தாடைகளை முதல் சிலிண்டரின் வாய்க்குள் விட்டார். மூச்சை அடக்கினார். தெருவில் ஹாரன் அடித்த ஆட்டோக்காரரைத் திரும்பி முறைத்தார். "74.00" என்றார். இரண்டாவது சிலிண்டர், 74.00. மூன்றும் நாலும் அதே. என் தோளைப் பிடித்து உலுக்கினார். "சார், போர் தேயவே இல்லை! யாரோ டாக்டர் ஓட்டின வண்டி!" நான் சொல்ல வேண்டிய வசனம் என் வாயில் இருக்கும்போதே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

பிளாக்கைக் கொண்டுபோய்க் காட்டியதும் லேத்துக்காரர் ஒரே நிமிடத்தில் கதையை முடித்தார். போர் கேஜை உள்ளே இறக்கினார், டயலில் முள் ஓடியது. "வாயில மட்டும்தாங்க 74. கொஞ்சம் கீழ பாருங்க, தேஞ்சு கோணலா இருக்கு" என்றார். விஷயம் இதுதான். பிஸ்டன் உச்சிக்குப் போனாலும் மேல் ரிங் சிலிண்டரின் வாய்வரை வராது. அந்த விளிம்பில் தேய்மானமே இருக்காது. ரிங் திரும்புகிற இடத்தில்தான் அதிகம் தேயும், அதுவும் ஒழுங்கான வட்டமாகத் தேயாது. வெர்னியரின் குட்டைத் தாடை முட்டுவதோ அந்தத் தேயாத விளிம்பில்தான். லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த எஞ்சினைக் கொண்டுவந்தாலும் சாமியின் வெர்னியர் புது எஞ்சின் என்றுதான் சொல்லும். "சார் அளந்த இடத்துக்கு ரிங்கே போகாதுங்க" என்று லேத்துக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார். சாமி வெர்னியரைத் துணியால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, "இருக்கட்டும், 0.50 ஓவர்சைஸ் போட்டுக்கலாம்" என்றார். சிலிண்டரைக் குடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் ஏற்கெனவே வாங்கி வைத்த பழைய பிஸ்டன் நாலும் வீண்.

இப்படித்தான் ஒவ்வொன்றும். அவர் அளந்தது சரியாக இருக்கும், அளக்காதது இடிக்கும். எஸ்டீமில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. ஜிப்ஸியில் நெடுக்காக உட்கார வேண்டும். எஞ்சினைத் திருப்பி வைத்தால் பக்கவாட்டில் இருந்த டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் போய் ஃபயர்வாலில் முட்டுகிறது. அடியில் முன் ஆக்ஸில் இருப்பதால் எஸ்டீமின் ஆயில் சம்ப் ஆகாது, ஜிப்ஸி சம்ப் தேட வேண்டும். மவுண்ட் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். வண்டியைக் கழற்றும்போது அவசரத்தில் வயரிங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள், அதனால் எந்த வயர் எந்த சென்சாருக்கு என்பது ஒரு தனி ஆராய்ச்சி. அதற்கு வெர்னியர் உதவாது என்பதால் சாமி அந்தப் பக்கமே போவதில்லை.

நள்ளிரவில் துருப்பிடித்த ஃப்ளைவீல் படம் அனுப்புவதையும், எஞ்சின் ஆயிலை மோந்து பார்த்து வண்டியின் சரித்திரம் சொல்வதையும் விட்டுவிடுகிறேன்.

சட்டம் ஒன்று இருக்கிறதே என்று ஒருநாள் கேட்டேன். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் பதிவாகியிருக்கிறது. வேறு எஞ்சின் ஏற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், வாங்கிய பில்லைக் காட்ட வேண்டும். "கம்பெனிக்காரன் பின்னால செஞ்சதைத்தானே சார் நான் செய்யறேன்" என்றார். பில் எங்கே என்றேன். பிளாக்கின் எடையைச் சொன்னார்.

ஆனாலும் மனுஷரை வெறுக்க முடியவில்லை. பேரிங் எண்கள் அவருக்கு மனப்பாடம். 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11. 6203 என்றால் 17, 40, 12. மேல்மாடியில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவின் மின்விசிறி கரகரவென்று கத்தியபோது கடைக்காரர் புது விசிறிதான் என்று சொல்லிவிட்டார். சாமி ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, "6202 தானே, ஆல்டர்னேட்டருக்குன்னு வாங்கி வெச்சது இருக்கு" என்று இறங்கினார். ஒரு மணி நேரத்தில் விசிறி சத்தமில்லாமல் ஓடியது. காசு வாங்கவில்லை. அந்த அம்மா காபி கொடுத்தார், எவர்சில்வர் டம்ளரில்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. புதுப்பேட்டைக் கடைகளில் வேண்டிய எஞ்சின் எப்போதும் குவியலின் அடியில்தான் கிடக்கும். மேலே கிடக்கிற கியர்பாக்ஸையும் ஆக்ஸிலையும் ஒவ்வொன்றாக இறக்கி வைப்பது இருபது வயதுகூட ஆகாத ஒரு பையன். முழங்கை வரை கிரீஸ், காலில் ரப்பர் செருப்பு. அவன் இறக்குவான், சாமி அளப்பார், "0.04 கூட இருக்கு, வேண்டாம்ப்பா" என்று எழுந்துவிடுவார். பையன் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி வைப்பான். அடுத்த கடையில் வேறொரு பையன். நாள் முழுக்க இப்படி. பேரம் பேசிக் குறைத்த பணத்தில் திரும்பும் வழியில் நாங்கள் பிரியாணி சாப்பிடுவோம். அவனுக்கு ஒரு டீகூடக் கிடையாது. டீ வாங்கிக் கொடுக்கலாமே என்று நான் சொன்னபோது, "அவனுக்குத்தான் பாய் சம்பளம் தர்றாரே" என்றார். நூற்றில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற மனுஷருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை.

பழைய எஞ்சின் சாமான் தேடிப் போகிற அன்பர்களே, வெர்னியரை வீட்டிலேயே வைத்துவிட்டு, போர் கேஜ் வைத்திருக்கும் லேத்துக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். பில் கேட்டு வாங்குங்கள். சாமானை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், இறக்கி ஏற்றிய பையனுக்கு இறக்குகூலி கொடுத்துவிட்டு வாருங்கள்.