பழசு கேட்டவர்களும் புதுசு கேட்டவர்களும்

1998-இல் மெட்டல் கேட்கும் பையன்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஒரே சண்டையில் போய் நிற்கும். அந்த வருஷம் அயர்ன் மெய்டன் குழு ‘வெர்ச்சுவல் லெவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தது. 1993-இல் குழுவை விட்டு விலகிய பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன், அதே வருஷம் தனியாக ‘தி கெமிக்கல் வெடிங்’ வெளியிட்டார். எது உண்மையான மெய்டன்? பெயர் இருக்கும் இடமா, குரல் இருக்கும் இடமா?

நான் குரலின் கட்சி. சென்னையில் அப்போது எங்களுக்கு இந்தப் பாட்டெல்லாம் வந்து சேர்ந்தது ரெக்கார்டிங் சென்டர் வழியாகத்தான். வெளிநாட்டிலிருந்து யாராவது ஒரு சிடி கொண்டுவந்தால், அது காசெட் காசெட்டாகப் பெருகிக் கைமாறும். ‘கெமிக்கல் வெடிங்’கை எங்களுக்குப் பதிந்து கொடுத்த கடைக்காரர், அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் ‘அயர்ன் மெய்டன் - புதுசு’ என்று எழுதிவிட்டார். குரலைக் கேட்டு அவராகவே முடிவுசெய்தது அது. எங்கள் கட்சிக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியிருக்கவில்லை. வில்லியம் பிளேக்கின் கவிதையுலகத்திலிருந்து எடுத்த வரிகள், இறக்கிச் சுருதி கூட்டிய கிதார், அதற்கு மேலே ஏறிப் பறக்கும் அந்தக் குரல். போதாததற்கு மெய்டனின் பழைய கிதார் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தும் அதில் இருந்தார்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் இருந்தது. ப்ரூஸுக்குப் பதிலாக வந்த பிளேஸ் பெய்லி திறமையில்லாத பாடகர் அல்ல. அவருடையது தாழ்ந்த, கனத்த குரல். ப்ரூஸின் உச்சஸ்தாயிக்கென்று எழுதப்பட்ட பழைய பாடல்களை ராத்திரிக்கு ராத்திரி அவர் மேடையில் பாடியாக வேண்டும். எந்தத் தொண்டை தாங்கும்?

1999-இல் ப்ரூஸும் ஏட்ரியனும் குழுவுக்குத் திரும்பினார்கள். 2000-இல் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ வந்தது. மூன்று கிதார்களோடு, கம்பீரமான ஆல்பம். எங்கள் கட்சி ஜெயித்துவிட்டது என்று கொண்டாடினோம். ஆனால் எதைச் சிறந்தது என்று தொண்டை வறள வாதாடினோமோ, அந்தச் சோலோ இசை அதோடு ஏறக்குறைய நின்றுபோனது. 2005-இல் ‘டிரனி ஆஃப் சோல்ஸ்’ என்று ஒன்று வந்தது. அடுத்த ஆல்பத்துக்கு 2024 வரை, பத்தொன்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் சண்டையும் பழைய பாடலா, புதுப் பாடலா என்று இடம் மாறிவிட்டது. 2006-இல் மெய்டன் ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’ ஆல்பத்தை ஒரு பாடல் விடாமல் மேடையில் வாசித்தது. முப்பது வருஷம் தாண்டிய குழு தன் புதுப் பாடல்களை இவ்வளவு நம்பியது பெரிய துணிச்சல். ரசிகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். 2007 மார்ச்சில் அவர்கள் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தபோது சென்னையிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் போன கூட்டத்தில் நானும் உண்டு. ஒரு புதுப் பாடல் முடிந்ததும் என் பக்கத்திலிருந்த நண்பன், “பழசைப் போடுங்கடா!” என்று தமிழிலேயே கத்தினான். அடுத்த வருஷம் பிப்ரவரியில், ப்ரூஸ் தானே போயிங் 757 விமானம் ஓட்டிக் குழுவோடு மும்பை வந்திறங்கி, பெரும்பாலும் எண்பதுகளின் பாடல்களையே பாடினார். நண்பனுக்கு அது திருவிழா.

2025-இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் மெய்டன் வாசிப்பதெல்லாம் 1980 முதல் 1992 வரையிலான முதல் ஒன்பது ஆல்பங்களின் பாடல்கள் மட்டுமே. அன்று கத்திக் கேட்டவர்களுக்குக் கேட்டது முழுசாகக் கிடைத்துவிட்டது. பட்டியலைப் பார்த்துவிட்டு அதே நண்பன் போன் செய்தான்: “மச்சி, ‘ஹெல் ஆன் எர்த்’ இல்லையாடா?”

அது 2021-இல் வந்த ‘செஞ்சுட்சு’ ஆல்பத்தின் கடைசிப் பாடல். அந்த ஆல்பத்தைப் பற்றி இன்றும் வழக்கு ஓயவில்லை. எண்பது நிமிஷத்துக்கு மேல் நீளம், ஒலிப்பதிவில் தெளிவு போதாது என்பார்கள். ஒலிப்பதிவைப் பற்றிய குறையை நான் ஒப்புக்கொள்கிறேன். நீளத்தைப் பற்றியதை ஒப்புக்கொள்ள மாட்டேன். குழுவின் பாஸ் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் தனியாக எழுதிய கடைசி மூன்று பாடல்களும் பத்து நிமிஷத்தைத் தாண்டுபவை. அவை வெட்டிச் சுருக்கக் கூடியவை அல்ல. ஆலாபனை போல, விரிந்தால்தான் பிடிபடும். ‘ஹெல் ஆன் எர்த்’ 2023, 24 சுற்றுப்பயணத்தில் மேடையேறியது. அந்தப் பயணம் இந்தியாவுக்கு வரவில்லை.

2024 மார்ச்சில் வந்த ப்ரூஸின் ‘தி மாண்ட்ரேக் ப்ராஜெக்ட்’ பழைய கேள்வியை மறுபடி கிளப்பிவிட்டது. சோலோவா, மெய்டனா? இதற்கு அந்த ஆல்பத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. 2015-இல் வந்த மெய்டனின் ‘தி புக் ஆஃப் சோல்ஸ்’ ஆல்பத்தைத் தொடங்கிவைக்கும் பாடலைத் தன் சோலோவுக்கென்றுதான் ப்ரூஸ் எழுதியிருந்தார். ஹாரிஸுக்குப் பிடித்துப்போனதால் அது மெய்டனுக்குப் போனது. இப்போது சற்றே மாறிய தலைப்போடும் வரிகளோடும் தன் சொந்த ஆல்பத்துக்குத் திரும்பியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். மெய்டன் வடிவத்தில் குதிரைப் பாய்ச்சல் அதிகம். சோலோ வடிவத்தில் அச்சம் அதிகம். எனக்கு அச்சம்தான் பிடித்திருக்கிறது. ஆனால் இந்தப் பக்கம் இல்லாமல் அந்தப் பக்கம் இல்லை.

அறுபதைக் கடந்த இந்த மனிதர்கள் இன்னும் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மறுபடி இந்தியா பக்கம் வந்தால், தயவுசெய்து பழசு கேட்டுக் கத்தாதீர்கள். அவர்கள் கடைசியாக எழுதிய பாடலைக் கேளுங்கள்.