ஹியூகோவைப் படிக்காமலே பேசுவது எப்படி?

குருவிநத்தத்துக்காரருக்கு ஒரு தொல்லை உண்டு. வெளியூரில் "பாண்டிச்சேரிப் பக்கம்" என்று வாயைத் திறந்தாலே, எதிரே இருப்பவர் பிரெஞ்சு இலக்கியம் பேச ஆரம்பித்துவிடுவார். நமக்குத் தெரிந்தது நெல்லும் கரும்பும்தான் என்றால் நம்பமாட்டார். லீவுக்கு வந்திருக்கும் பாரீஸ் மாமா இன்னும் மோசம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, "லே மிசெராப்ல் படிச்சிருக்கியா மாப்ள?" என்பார். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் ஹியூகோ நாவல் அது. சாம்பார் வருவதற்குள் படித்து முடிக்க வழியில்லை.

தைரியமாகத் தலையை ஆட்டுங்கள். ரொட்டி திருடிய வால்ழான், வெள்ளிச் சாமானைக் கொடுத்து அவனைத் திருத்திய பாதிரியார், விடாமல் துரத்தும் போலீஸ்காரர் ஜாவேர் என்று மூன்று வரியில் கதையை முடித்துவிட்டு, உடனே 'ஏழை படும் பாடு' படத்துக்குத் தாவுங்கள். நாவலைத் தமிழில் தந்த சுத்தானந்த பாரதியார் நம்ம அரவிந்தர் ஆசிரமத்தில் பல வருஷம் இருந்தவர் என்று ஒரு போடு போடுங்கள். படம் வந்த 1950இல் நம்மூர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் ஹியூகோவோ இந்தியப் பக்கத்திலிருந்து, கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ வழியாக, நாகையாவின் குரலில் தமிழ் பேசிக்கொண்டு வந்தார்! இதை ஜீரணிக்க மாமாவுக்கு இரண்டு வாய் சோறு தேவைப்படும்.

அந்த இடைவெளியில் போலீஸ்காரரை இறக்குங்கள். வக்கீலுக்குப் படித்த சீதாராமன் அந்த இன்ஸ்பெக்டர் வேடத்தைப் போட்டார். வேடம் அவரை விடவே இல்லை. 'அந்த நாள்' படத்துக்கு எழுதியபோதும், 'பட்டணத்தில் பூத'த்தில் பூதமாக வந்தபோதும் அவர் ஜாவர் சீதாராமன்தான். 1935இல் ஹாலிவுட்டில் அதே வேடம் போட்ட சார்லஸ் லாட்டனை யாரும் ஜாவர் லாட்டன் என்று கூப்பிடவில்லை. நாவலில் ஜாவேர் செயின் நதியில் விழுந்து செத்துப்போகிறார். தமிழில் அந்தப் பெயருக்குச் சாவு கிடையாது.

அதே கதையின் சாயல் கொண்ட 'ஞான ஒளி'யையும் (1972) கொசுறாகச் சேர்க்கலாம். அதில் சிவாஜி பதறுவதைவிட மேஜர் சுந்தரராஜன் நிதானமாக விசாரிப்பதுதான் எனக்குக் கிலி. ஆனால் 2019இல் லாட்ஜ் லீ எடுத்த படத்தில் மட்டும் வாயைக் கொடுக்காதீர்கள். பெயர் 'லே மிசெராப்ல்'தான், வால்ழான் வரமாட்டார். நாவலில் குழந்தை கோசெத் அடிபட்டு வளர்ந்த மோன்ஃபெர்மேய் ஊரில், இன்றைய போலீஸும் பையன்களும் மோதிக்கொள்ளும் கதை அது.

படம் மட்டும் பார்த்தவர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: பாரீஸின் சாக்கடை. படத்தில் வால்ழான் காயம்பட்ட பையனைத் தூக்கிக்கொண்டு அதற்குள் நடந்து வெளியே வருவதோடு சரி. ஹியூகோவோ கதையை அப்படியே நிறுத்திவிட்டு, சாக்கடையின் வரலாற்றையே அத்தியாயக் கணக்கில் எழுதியிருக்கிறார். "அந்தச் சாக்கடை அத்தியாயம்தான் மாமா கொஞ்சம் இழுவை" என்று சலித்துக்கொள்ளுங்கள். படிக்காதவன் எங்காவது இப்படிச் சலித்துக்கொள்வானா?

மாமா அசந்திருக்கும்போதே அடுத்ததையும் சொல்லிவிடுங்கள். நகரத்துக் கழிவையெல்லாம் கடலில் விடுவது பணத்தைக் கொட்டுவது மாதிரி, அது வயலுக்குப் போகவேண்டிய எரு என்று அங்கே ஹியூகோ வாதாடுகிறார். இந்த விஷயத்தில் மாமாவைவிட உங்களுக்குத்தான் அனுபவம் அதிகம். அப்படியே பேச்சை யூரியா விலைக்குத் திருப்பிவிட்டால், மோர் வரும்வரை ஹியூகோ இந்தப் பக்கம் வரமாட்டார்.