சத்தம் வந்துச்சா?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இருபது வருஷமாகத் தினமும் போய் வருகிறேன். அதுவும் கடைசி சீட்டில், பின்சக்கரத்துக்கு மேலே. எந்த வேகத்தடை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு என் இடுப்பே சொல்லும். அப்படிப் பழுத்த இடுப்பு, வீட்டில் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது. குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன். எதையோ தேடுகிறேன் என்று நினைத்து மனைவி லைட்டைப் போட்டாள்.

எதிர்வீட்டுப் பெரியம்மா கால் முன்னே வரப் பிறந்தவர். எங்கள் பக்கத்தில் அப்படிப் பிறந்தவர்களுக்கு, இடுப்புப் பிடிப்பை மிதித்து எடுக்கும் அதிகாரம் பிறப்பிலேயே வந்துவிடும். நீட் தேர்வெல்லாம் கிடையாது. “குப்புறப் படுடா” என்றார். மூன்று மிதி. மூன்றாவதில் ‘கடக்’.

“சத்தம் வந்துச்சா? அவ்ளோதான், போயிடுச்சு!”

போனது பெரியம்மாதான். வலி இருந்தது.

அந்த வாரமே ஒரு சலூனில், முடி வெட்டி முடித்தவர் கேட்காமலேயே என் தாடையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார். ‘டக்’. “சத்தம் வந்துச்சா சார்?” அவருக்கும் அதே கவலை.

அக்கா மகன் செல்போனில், முதுகெலும்பை அழுத்தித் திருப்பும் கைரோபிராக்டிக் வைத்திய வீடியோக்களைக் காட்டினான். ‘டக்’ என்றதும் நோயாளி சிரிக்கிறார். இந்த வைத்தியத்தைத் தொடங்கிவைத்தவர் டி.டி.பாமர். 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில், காது மந்தமான ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்தினாராம், காது கேட்டதாம். உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக 1906இல் சிறைக்கும் போனார். காது நரம்பு முதுகு வழியாகப் போவதே இல்லை. முதுகைத் தட்டினால் காது திறக்குமென்றால், இத்தனை வருஷ பஸ் குலுக்கலுக்கு, மயிலத்தில் பேசுவது எனக்கு விழுப்புரத்தில் கேட்க வேண்டும்.

அந்தச் சத்தம் எலும்பு இடம் மாறும் சத்தமும் அல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் உண்டாகும் வாயுக்குமிழியின் வேலை. திருஷ்டி கழித்து நெட்டி முறிக்கிற பாட்டியின் விரலிலும் அதே குமிழிதான். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க டாக்டர் அறுபது வருஷத்துக்கு மேல் இடது கை விரல்களுக்கு மட்டும் சொடக்கு எடுத்து, வலது கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் மூட்டுவாதம் இல்லை. 2009இல் அதற்கு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

கடைசியில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போனேன். பிசியோதெரபி பார்த்த பெண், “படுத்தே கிடக்காதீங்க, நடங்க” என்று இரண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். இந்த மாதிரிப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே விட்டுவிடுமாம். கைரோபிராக்டிக் இடுப்பு வலிக்கு ஓரளவு ஆறுதல் தரலாமாம். ஆனால் கழுத்தை வெடுக்கென்று திருப்பினால், அபூர்வமாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம்கூட வரலாம் என்றார். சத்தம் எதையும் அவர் வரவழைக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பன்னிரண்டாம் நாள் வலி விட்டது. தன் மூன்றாவது மிதிதான் காரணம் என்று பெரியம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். சலூனில் மட்டும் துண்டை உதறியதுமே எழுந்துவிடுகிறேன். நீங்களும் எழுந்துவிடுங்கள்.