ராடையும் சேர்த்து 60

ஜிம்முக்குப் போகிறவனிடம் எவ்வளவு எடை தூக்குகிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வயதைக் கேட்டால் குறைத்துச் சொல்வான், சம்பளத்தைக் கேட்டால் பேச்சை மாற்றுவான். இதைக் கேட்டால் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துச் சொல்வான். அதுவும் என்னைக் கேட்டீர்கள் என்றால் ராடையும் சேர்த்துச் சொல்வேன். ஒரு பக்கம் 20 கிலோ, மறு பக்கம் 20 கிலோ, ஆக 40. ஒலிம்பிக்கில் ஆண்கள் தூக்கும் ராடு மட்டுமே 20 கிலோ என்று எங்கோ படித்துவிட்டேன். அன்றிலிருந்து என் கணக்கில் உலகத்து ராடெல்லாம் 20 கிலோதான். எங்கள் தெரு ஜிம்மில் கிடப்பதோ பிடி தேய்ந்த ஒல்லி ராடு. அதில் பாதி எடை தேறினால் அதிகம். இருந்தும் யாராவது கேட்டால் 60 என்றுதான் வாயில் வருகிறது. வருமான வரிக் கணக்கில் காட்டாத தாராளத்தை எல்லாம் இந்த ராடில் காட்டுகிறேன்.

வேலூர்க்காரனுக்கு இந்த வியாதி கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. எங்கள் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ எடைப் பிரிவில், மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-இல் கோல்டு கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். தூக்கியது அவர், ஊர் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது நாங்கள். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்களே, அந்தப் பட்டியலில் பலம் இல்லாத பயில்வான் என்று என்னையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

டாக்டர் என்னவோ நடக்கத்தான் சொன்னார். ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் தெருவில் நடப்பதை யார் நின்று பார்க்கிறார்கள்? ஜிம்மில் நாலு பக்கமும் கண்ணாடி. வேறு யாரும் பார்க்காவிட்டாலும் நானாவது பார்க்கலாம்.

சேர்ந்த அன்றைக்கு மாஸ்டர் என் கையில் வெறும் ராடைக் கொடுத்தார். பிளேட் கிடையாது. சுற்றிலும் காலேஜ் பையன்கள் ஆளுக்கு ஒரு இரும்புக் கடையை மாட்டிக்கொண்டு உறுமுகிறார்கள். நடுவில் நான், துணி காயப்போட வந்த ஆளாக, கையில் ஒரு கம்பியோடு நிற்கிறேன். “ஃபார்ம் வர்ற வரைக்கும் இதுதான் சார். முதல்ல நரம்பு கத்துக்கணும், அப்புறம்தான் தசை வளரும்” என்றார். அவர் சொன்னது சரிதானாம். பயிற்சி ஆரம்பித்த முதல் சில வாரங்களில் பலம் கூடுவதாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் தசை இல்லை, மூளையும் நரம்பும் அந்த வேலையைப் பழகிக்கொள்வதுதான். என் விஷயத்தில் நரம்பு ஒத்துழைத்தது. மூளைதான் லீவில் இருந்தது.

மாஸ்டருக்கு ஒரு போன் வந்தது, பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். அந்த இடைவெளியில் ராடின் இரண்டு பக்கமும் பிளேட் ஏறிவிட்டது. யார் ஏற்றியது என்று கேட்காதீர்கள். டெட்லிஃப்ட் என்றால் தரையில் கிடப்பதை எடுத்து நிமிர்ந்து நிற்பது, அவ்வளவுதானே? குனிந்தேன், பிடித்தேன், முகத்தை அஷ்டகோணலாக்கினேன், எடுத்தே விட்டேன். பையன்கள் எல்லாம் செய்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அது பிரமிப்பு என்று நினைத்து இன்னொரு தரம் தூக்கினேன்.

திரும்பி வந்த மாஸ்டர் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: “சார், இப்ப நீங்க முழுக்க முதுகால தூக்குனீங்க. கீழே கால்னு ரெண்டு இருக்கே, அதை எதுக்கு வெச்சிருக்கீங்க?”

விஷயம் இதுதான். ராடு கெண்டைக்கால் முன்னெலும்பை உரசிக்கொண்டே மேலே வர வேண்டுமாம். உடம்பை விட்டு அது தள்ளிப் போகப் போக, அதே எடை இடுப்புக்குப் பல மடங்கு கனக்கும். நெம்புகோல் கணக்கு, எட்டாம் வகுப்பில் நாம் கடைசி பெஞ்சில் இருந்தபோது நடத்தினார்களே, அதேதான். முதுகு நேராக இருக்க வேண்டும், இடுப்பு பின்னால் போக வேண்டும், காலும் பின்தொடையும் பிருஷ்டமும் சேர்ந்து வேலையைச் செய்ய வேண்டும். நான் ராடை ஒரு முழம் தள்ளி வைத்து, முதுகை வில்லாக்கி, கண்ணாடியில் யார் பார்க்கிறார்கள் என்று கழுத்தை வேறு திருப்பித் தூக்கியிருக்கிறேன். இதில் தப்பில்லாமல் செய்த ஒரே காரியம் கீழே போட்டது. அதையும் இறக்கித்தான் வைக்க வேண்டும், போடக் கூடாது என்றார்.

“இடுப்பை மட்டும் பின்னால தள்ளணும் சார். ரெண்டு கையிலயும் சாமான் இருக்கறப்ப பின்பக்கத்தால பீரோக் கதவைச் சாத்துவீங்கல்ல, அந்த மாதிரி.”

இது எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினை. அன்று ராத்திரி படுக்கையறையில் விளக்கைப் போட்டு, பீரோவுக்கு முதுகு காட்டி நின்று, கைகளைத் தொங்கவிட்டு, கதவைத் திறந்து வைத்துச் சாத்திச் சாத்திப் பழகினேன். நாலாவது தடவை சாத்தும்போது வாசலில் என் மனைவி. அவள் பிறந்த ஊர் நாங்குநேரி பக்கம். கோபமோ பயமோ வந்தால் பேச்சு ஊருக்குப் போய்விடும். “என்ன பண்ணுதீங்க?” என்றாள். “ஃபார்ம்” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நகை இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

ஃபார்ம் தெரிந்த பிறகாவது எடையைக் குறைத்தேனா என்று கேட்பீர்கள். பளுதூக்கும் போட்டியில் ஒரு விதி உண்டு. ராடில் எடை ஏறிக்கொண்டே போகலாமே தவிர இறங்காது; ஒரு எடையைக் கேட்டுத் தூக்க முடியாமல் போனால், அதையே மறுபடி கேட்கலாம், கூடக் கேட்கலாம், குறைத்துக் கேட்க முடியாது. அதே போட்டியில் இன்னொரு விதியும் உண்டு: தலைக்கு மேல் போகும்போது முழங்கை மடங்கிப் பிறகு நிமிர்ந்தால் நடுவர்கள் சிவப்பு விளக்கைப் போட்டுவிடுவார்கள், தூக்கியது எத்தனை கிலோவாக இருந்தாலும் கணக்கில் வராது. இந்த இரண்டில் முதல் விதியை நான் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தேன். பையன்கள் முன்னால் ஒரு தடவை 60 என்று சொல்லியாகிவிட்டதே! இரண்டாவது விதி இருந்திருந்தால் எங்கள் ஜிம்மில் கரண்ட் பில் கட்டுப்படியாகாது.

கைக்குச் செய்யும் கர்லை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கை மட்டும் மேலே வர வேண்டும். நான் இடுப்பை முன்னால் ஒரு வெட்டு வெட்டுவேன், டம்பெல் தானாகத் தோளுக்கு வந்து சேரும். கைக்கு விஷயமே தெரியாது. ஸ்குவாட்டிலும் அப்படித்தான். தொடை தரைக்கு இணையாக வரும்வரை உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. பாரத்தை ஏற்றிய பிறகு நான் கீழே போகும் தூரத்தை, பெரியவர்களைப் பார்த்ததும் சற்றே குனிந்து வணக்கம் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

பெஞ்ச் பிரஸ் கதை தனி. அதில் தனியாகப் படுக்கக் கூடாது, தலைமாட்டில் ஒருவர் நின்று ராடைக் கவனித்துக்கொள்ள வேண்டும். எனக்கு நின்றவன் பிளஸ் டூ படிக்கும் பையன். நான் மூச்சைப் பிடித்துத் தள்ளத் தள்ள, “உங்க ஃபோர்ஸ்தான் அங்கிள், சூப்பர், நான் சும்மா விரல்தான் வெச்சிருக்கேன்” என்று உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தான். எட்டு தடவை தள்ளிவிட்டேன். எழுந்து திரும்பிப் பார்த்தால், அவனுக்கு முன்கை நரம்பெல்லாம் புடைத்து, சட்டை நனைந்திருந்தது. அடுத்த வாரம் அவன் கை நன்றாகத் தேறியிருப்பதாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவனைக்கூட மன்னித்துவிடலாம், அந்த ‘அங்கிள்’தான் இன்னும் உறுத்துகிறது.

பொங்கலுக்கு மாமனார் ஊருக்குப் போனபோது இளவட்டக்கல் பார்த்தேன். அந்தக் காலத்தில் இதைத் தூக்கினவனுக்குத்தான் பெண் என்பார்கள். நல்ல உருண்டை, வழவழவென்று, பிடிக்க ஒரு மூலை முடுக்கு கிடையாது. ராடாவது பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கும். பையன்கள் ஒவ்வொருவராக வந்து, குத்தவைத்து உட்கார்ந்து, கல்லை இரண்டு கையாலும் கட்டி, முதலில் தொடைக்கு ஏற்றி, அங்கே ஒரு மூச்சு வாங்கி, நெஞ்சுக்கு ஏற்றி, அப்புறம் தோளுக்குக் கொண்டுபோய், பின்பக்கமாகத் தள்ளிவிட்டார்கள். அவசரமே இல்லை. எண்பதை நெருங்கும் என் மாமனார் பக்கத்தில் நின்று விளக்கினார்: “கல்ல நெஞ்சோட சேத்து அணைச்சிக்கிடணும் மாப்ளே. தள்ளி நின்னு தூக்குனா இடுப்பு போயிரும்.” மாதாமாதம் பணம் கட்டி நான் கேட்டுக்கொள்ளாத அதே பாடம், இங்கே இலவசம். நானும் ஒரு கை பார்க்கலாமா என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். அவர் என் தோளைத் தட்டி, “உங்களுக்கு எதுக்கு மாப்ளே, உங்களுக்குத்தான் ஏற்கெனவே பொண்ணு குடுத்தாச்சே” என்றார். அந்தக் கல்யாணத்தில் அவர் பார்த்தது என் சம்பளச் சீட்டைத்தான். கல்லைக் காட்டியிருந்தால் நான் இன்னும் மேன்ஷனில்தான் இருந்திருப்பேன்.

இடுப்பு பிடித்துக்கொண்டது ஜிம்மில் இல்லை. ஊர் திரும்பி ஜிம்முக்குப் போனதற்கு மறுநாள் காலை சாக்ஸ் போடக் குனிந்தபோது. எலும்பு டாக்டர், “என்ன தூக்கினீங்க?” என்றார். வலியிலும் குரலைச் சற்று உயர்த்தி, “60 கிலோ டாக்டர், ராடையும் சேர்த்து” என்றேன். நர்ஸம்மா காதிலும் விழ வேண்டும் அல்லவா? ஆபீஸில் கேட்டவர்களுக்கெல்லாம் டெட்லிஃப்டில் பிடித்துக்கொண்டது என்றேன். சாக்ஸைப் பற்றி உங்களிடம்தான் சொல்கிறேன்.

இடுப்பில் பெல்ட்டோடு வீட்டில் கிடந்த நாளில்தான் கேஸ் சிலிண்டர் வந்தது. உள்ளே இருக்கும் கேஸ் 14.2 கிலோ, வெளி இரும்பு ஏறக்குறைய அதே எடை, இரண்டும் சேர்ந்து 30 கிலோ பக்கம் வரும். கொண்டுவந்தவர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் சோபாவில் இருந்தபடியே மனைவிக்குக் கைடு செய்தேன்: “பாதத்தைத் தோள் அகலத்துக்கு வை. முதுகு நேரா இருக்கணும். மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கிக்கோ. உடம்போட ஒட்டி...” நான் வயிற்றுக்கு வருவதற்குள் அவள் சிலிண்டரைச் சற்றே சாய்த்து, அடி வளையத்தில் உருட்டிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். தூக்கவே இல்லை. உள்ளேயிருந்து, “என்னமோ சொன்னீங்களே?” என்று குரல் வந்தது. ஒன்றுமில்லை என்றேன்.

இப்போது மறுபடியும் வெறும் ராடுதான். மாஸ்டர் சொன்னபடி மேலே ஒரு நொடி நிறுத்தி, மூன்று எண்ணிக்கையில் மெதுவாக இறக்குகிறேன். இறக்கும்போதும் தசைக்கு வேலை உண்டு என்பது அதைத் தொப்பென்று போடாமல் இருந்து பார்த்தால்தான் தெரிகிறது. இத்தனை நாள் 60 தூக்கியபோது வராத நடுக்கம் இந்த ஒல்லி ராடில் வருகிறது. தொடை ஆடுகிறது, வியர்வை கண்ணில் இறங்குகிறது. போன வாரம் கடைசி செட்டின் கடைசி ரெப்பை உயிரைக் கொடுத்து முடித்து, ராடை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், இரண்டு கையிலும் பிளேட்டோடு மரியாதையாக வந்தான்.

“வார்ம்-அப் முடிஞ்சுதுன்னா ராடை எடுத்துக்கலாமா அங்கிள்?”

“எடுத்துக்கோ தம்பி” என்றேன். “வெயிட் எல்லாம் நான் நாளைக்குத்தான் போடப் போறேன்.”