காற்சட்டைப் பைக்கும் காதுக்கும் நடுவே

கேள்வி: ‘10 மீட்டர் தூரம் கேட்கும்’ என்று பெட்டியில் போட்டிருந்த புளூடூத் ஹெட்போன், வீட்டில் அறைக்கு அறை நன்றாகப் பாடுகிறது. பாலாவி உப்பளத்துப் பக்கம் போனால், பிளேயர் காற்சட்டைப் பையில் இருக்கும்போதே விட்டுவிட்டுப் பாடுகிறதே, ஏன்?
– வாசகர், கற்பிட்டி

பதில்: குறுக்கே நிற்பது நீங்கள்தான்!

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகிறது. அந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். மனித உடம்போ பாதிக்கு மேல் தண்ணீர். பிளேயர் வலது பின்பையில், ஹெட்போனின் ஏரியல் இடது காதில் என்றால், நடுவே இடுப்பும் முதுகும் மறித்துக்கொள்கின்றன. வீட்டில் இது தெரியாது. சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறிக்கும் அலை, சுற்றி வந்தாவது காதைப் பிடித்துவிடும். உப்புப் பாத்தி வெளியில் சுவர் ஏது? போன அலை போனதுதான்.

பலமும் சொற்பம். 10 மீட்டர் வகைக் கருவியின் உச்ச சக்தி 2.5 மில்லிவாட். சுவர் இல்லாவிட்டால் வானத்தில் பட்டாவது தெறிக்காதா என்று கேட்கலாம். உங்கள் புத்தளம் மாவட்டத்திலேயே, சிலாபத்துக்குப் பக்கத்து இரணவிலவில் 2016 வரை இயங்கிய ‘வாய்ஸ் ஒஃப் அமெரிக்கா’ அஞ்சல் நிலையம், சிற்றலையை வானத்து அயனி மண்டலத்தில் மோதவிட்டுக் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பியது. புளூடூத் அலைக்கு அந்த வானக் கூரையும் உதவாது. அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும்.

பெட்டியில் போட்ட 10 மீட்டர் பொய்யல்ல. இடையில் மறிப்பில்லாதபோது கிடைக்கும் தூரம் அது.

பிளேயரைச் சட்டை மேல்பைக்கு மாற்றுங்கள். இடம், வலம் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். அப்படியும் வெட்டினால், வெளியில் போகும்போது வயர் ஹெட்போனையே பாவியுங்கள்.